பால்வாடி டீச்சர் வாங்குவது சம்பளமா?

காலை 9 மணி. தெருக்கோடியில் ஒரு சிறு கட்டடம். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். உள்ளே பாயில் 15 குழந்தைகள். ஒன்று அழுகிறது. ஒன்று தூங்கி வழிகிறது. இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனைப் பிடித்து இழுக்கிறது. பின்கட்டில் ஆயா அரிசி களைந்துகொண்டிருக்கிறார். டீச்சர் ஒரு கையில் செல்போனும் மறு கையில் நோட்டுப் புத்தகமுமாக நிற்கிறார்.

இது எந்த ஊர் என்று கேட்கிறீர்களா? உங்கள் ஊர்தான்! நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் இடங்களில் தினமும் காலையில் இந்தக் காட்சியைக் காணலாம். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். சர்க்கார் வைத்த பெயர் அங்கன்வாடி. நம் தாய்மார்களுக்கு அது பால்வாடி.

பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். திரும்பி வந்து கூட்டிப் போகிறீர்கள். இடையில் அதற்குச் சோறு ஊட்டி, முகம் கழுவி, பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அவர் சர்க்கார் ஊழியரா? கூலிக்கு வந்தவரா? வாத்தியாரா?

மத்திய சர்க்காரின் கணக்குப்படி இது எதுவுமே இல்லை. அவர் ஒரு கவுரவ ஊழியர். அதாவது, தாமாக முன்வந்து தொண்டு செய்கிறவர். அவர் கைக்கு வருகிற பணத்துக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது. அதன் பெயர் 'மதிப்பூதியம்'.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நாடெங்கும் சுமார் 25 லட்சம் பெண்களின் வாழ்க்கை இந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

மதிப்பூதியம் என்றால் என்ன?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு பெரியவரைப் பேச அழைக்கிறீர்கள். அவர் வந்து ஒரு மணி நேரம் பேசுகிறார். விழா முடிந்ததும் சால்வை போர்த்தி, உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுக்கிறீர்கள். அது அவர் பேச்சுக்குக் கொடுத்த கூலி ஆகாது. அவருக்குச் செய்த மரியாதை. அதுதான் மதிப்பூதியம். அதில் யாருக்கும் குறை இல்லை.

ஆனால் அந்தப் பெரியவர் நாளையும் வரவேண்டும், நாளை மறுநாளும் வரவேண்டும், வராவிட்டால் நோட்டீசு, தாமதமாக வந்தால் விளக்கம் கேட்பு, இப்படியே 30 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சால்வை போர்த்தி உறையைக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? "ஐயா, என் சம்பளம் எங்கே?" என்று கேட்க மாட்டாரா?

பால்வாடி டீச்சர்கள் கேட்பது இதைத்தான்.

முற்றத்தில் பிறந்த பள்ளி

இந்தத் தொண்டு எப்படி வந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. பம்பாய்க்கு வடக்கே கடற்கரையில் போர்டி என்று ஒரு சிற்றூர். 1945-ஆம் ஆண்டு வாக்கில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் அங்கே ஏழைக் குழந்தைகளுக்காகப் பாலர் பள்ளி தொடங்கினார். பள்ளி திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், எப்படி வருவார்கள்? மோடக் அம்மையார் யோசித்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் என்ன, பள்ளியைப் பிள்ளைகளிடம் கொண்டு போவோம் என்று குடிசைகளின் முற்றத்துக்கே போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முற்றத்துக்கு அவர்கள் பக்கத்தில் 'அங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல் அப்படித்தான் பிறந்தது.

30 ஆண்டு கழித்து, 1975 அக்டோபர் 2-ந் தேதி, மத்திய சர்க்கார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. குழந்தைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, பாலர் கல்வி, தாய்மார்களுக்கு அறிவுரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுப்பது என்று 33 வட்டாரங்களில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்பது அதுதான். அந்த ஊர்ப் பெண் ஒருவரே மையத்தை நடத்துவார். மெட்ரிக் தேறியிருந்தால் மாதம் 150 ரூபாய், தேறாவிட்டால் 100 ரூபாய். ஆயாவுக்கு 35 ரூபாய். ஊர்ப் பெண், ஊர்ப் பிள்ளைகள், சிறிது நேர வேலை. ஆகவே இது தொண்டு என்று அன்று சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி வரலாறு உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியுடன் ஒரு சத்துணவுத் திட்டம் கிராமங்களுக்கு வந்தது. 1982 ஜூலை 1-ந் தேதி முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சோறு போடப்பட்டது. அந்த வேலைகளில் சேர்ந்தவர்களில் கணவனை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் அநேகம். அவர்களைத் தொண்டர் என்று சொல்வது வேடிக்கை. குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லாமல்தானே வேலைக்கு வந்தார்கள்!

நாளுக்கு 150 ரூபாய்

மத்திய சர்க்கார் நிர்ணயிக்கும் தொகையைப் பாருங்கள். 2011-இல் டீச்சருக்கு மாதம் 3,000 ரூபாய் ஆனது. 2018 அக்டோபரில் 4,500 ஆயிற்று. ஆயாவுக்கு 2,250. 2025-ஆம் ஆண்டிலும் அதே தொகைதான். ஏழு ஆண்டில் அரிசி விலை ஏறிற்று, எண்ணெய் விலை ஏறிற்று, பஸ் கட்டணம் ஏறிற்று. இது ஏறவில்லை.

4,500 ரூபாயை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 150 ரூபாய். ஆயாவுக்கு 75 ரூபாய். அந்த 4,500-ஐக்கூட மத்திய சர்க்கார் முழுதாகக் கொடுப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் 100-க்கு 60 பங்கு மத்திய சர்க்கார், 40 பங்கு மாநில சர்க்கார். ஆக டில்லியிலிருந்து வருவது 2,700 ரூபாய்தான். அதற்குமேல் மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போட்டுக் கொடுக்கின்றன. கொடுக்கிற மாநிலத்தில் கொஞ்சம் நிம்மதி. கொடுக்காத இடத்தில் திண்டாட்டம். ஒரே வேலை, ஒரே திட்டம், எல்லை தாண்டினால் வேறு கூலி!

தமிழ்நாடு இதில் பல மாநிலங்களைவிட ஒரு படி மேலே இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. இங்கே 'சிறப்பு காலமுறை ஊதியம்' என்று ஒரு முறை உண்டு. டீச்சருக்குத் தொடக்கம் 7,700 ரூபாய், உச்சம் 24,200. ஆயாவுக்குத் தொடக்கம் 4,100, உச்சம் 12,500. இதன்மேல் பஞ்சப்படியும் உண்டு. 'சிறப்பு' என்றதும் மற்றவர்களைவிட அதிகம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? விஷயம் நேர்மாறானது. சாதாரண காலமுறை ஊதியத்தில், ஆபீசில் பைல் தூக்கும் கடைநிலை ஊழியருக்கே தொடக்கம் 15,700 ரூபாய். சிறப்பு என்ற சொல் வந்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தமிழில் இப்படிப் பொருள் மாறிய சொல் வேறு இருக்கிறதா என்று புலவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இது என்ன வேலை?

"சோறு போட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதானே, இதற்கு என்ன பெரிய படிப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் மையத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எடை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது ஆரம்பம்தான். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் நிற்கவைத்து உயரம். குழந்தை சும்மா படுக்குமா? காலை மடக்கும், தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். ஒரு அங்குலம் தவறினாலும் கணக்கு மாறிப்போகும். எடையும் உயரமும் தெரிந்தபின் வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். கையின் மேல்பகுதியை ஒரு நாடாவால் சுற்றி அளக்கும் முறையும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நிலைமை மோசம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையும் சில சமயம் உடம்பில் நீர் கோத்ததால் அப்படித் தெரியும். அதைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட கண் வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்ததா? இனிதான் கஷ்டமான கட்டம். அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும். "உன் பிள்ளை தேறவில்லை" என்று பத்துப் பேர் நடுவில் சொன்னால் அவள் நாளையிலிருந்து மையத்தின் பக்கமே வரமாட்டாள். மாமியார், "என் பேரனைக் கண் வைத்துவிட்டாள் டீச்சர்" என்று சண்டைக்கு வருவார். ஆகவே தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் என்ன சமைத்தாய், பால் கொடுப்பதை எப்போது நிறுத்தினாய், வேலைக்குப் போகும்போது யார் ஊட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குற்றம் சொல்லாமல் வழி சொல்ல வேண்டும். வீட்டில் குடிகாரப் புருஷன் இருப்பதும், அடுப்பு எரியாததும் அந்தப் பேச்சில்தான் வெளிவரும். அதைக் கேட்டபின் ஊரில் பேசித் திரியாமல் மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இதைத்தான் பட்டணத்துக் கல்லூரிகளில் சமூகப்பணி என்று இரண்டு வருஷம் பட்டப்படிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பம்பாயில் டாட்டா அறக்கட்டளை 1936-இல் அதற்கென்று பள்ளியே தொடங்கிற்று. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒன்று தொடங்கினார். உதவி செய்வதும் ஒரு தொழில், அதற்கும் பயிற்சி வேண்டும், முறை வேண்டும், சம்பளம் வேண்டும் என்று அன்றே ஒப்புக்கொண்டாயிற்று. அந்தத் தொழிலைக் கிராமத்தில் தினமும் செய்பவரை மட்டும் தொண்டர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நோட்டும் போனும்

வேலை நேரம் சிறிது என்பதெல்லாம் 1975-ஆம் ஆண்டோடு போயிற்று. இப்போது வேலை வளர்ந்துவிட்டது. வருகைப் பதிவேடு, எடைப் பதிவேடு, அரிசி பருப்பு இருப்புக் கணக்கு, முட்டைக் கணக்கு, கர்ப்பிணிகள் பட்டியல், பாலூட்டும் தாய்மார் பட்டியல், தடுப்பூசிப் பட்டியல். போதாததற்கு 2021 மார்ச்சில் 'போஷன் டிராக்கர்' என்ற செல்போன் செயலி வந்தது. எழுதியதையெல்லாம் அதிலும் ஏற்ற வேண்டும்.

2025 ஜூலை 1-ந் தேதி முதல் இன்னொரு ஏற்பாடு. வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துமாவுப் பொட்டலத்தை வாங்க வருகிறவரின் முகத்தைப் போனில் படம் பிடித்து, அது ஆதாரில் உள்ள முகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. களவு போகாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறது சர்க்கார். நோக்கம் நல்லதுதான். ஆனால் சிக்னல் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? பிரசவமான பெண்ணின் முகம் வீங்கிப்போய்ப் பழைய படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால்? போன் நம்பரை மாற்றிவிட்ட குடும்பத்துக்கு ரகசிய எண் எப்படி வரும்? கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் தாய், "உங்களுக்குக் கொடுக்க மனசில்லையா டீச்சர்?" என்று கேட்கிறாள். உத்தரவு போட்டவர் டில்லியில் இருக்கிறார். ஏச்சு வாங்குகிறவர் தெருக்கோடியில் இருக்கிறார்.

வாக்காளர் பட்டியல் திருத்தமா? பல ஊர்களில் அங்கன்வாடி டீச்சரைத்தான் வீடு வீடாக அனுப்புகிறார்கள். கணக்கெடுப்பா? அவரைக் கூப்பிடு. கொரோனா வந்ததா? வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்க அவரையே அனுப்பினார்கள். வேலை வாங்கும்போது அவர் ஊழியர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. கொடுக்கும்போதுதான் தொண்டர் என்ற ஞாபகம் வருகிறது.

கோர்ட்டு சொன்னது என்ன?

இந்த வழக்கு பல ஆண்டாகக் கோர்ட்டுகளில் நடந்துகொண்டிருக்கிறது. முதலில் அவர்களுக்குத் தோல்வி. கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, அங்கன்வாடி ஊழியர்கள் வகிப்பது சர்க்கார் பதவி அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே 15 ஆண்டுக்கு மேல் எல்லாக் கதவுகளையும் சாத்தினார்கள்.

பிறகு குஜராத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தாகோத் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற சில பெண்கள் பணிக்கொடை கேட்டு மனுப் போட்டார்கள். பணிக்கொடை என்பது கிராஜுவிட்டி. பல வருஷம் உழைத்தவர் விலகும்போது மொத்தமாகக் கொடுக்கும் தொகை. அதற்கு 1972-இல் ஒரு சட்டம் போடப்பட்டது. அந்தச் சட்டத்தின் அதிகாரி, கொடுக்க வேண்டும் என்றார். ஐகோர்ட்டில் ஒரு நீதிபதியும் அப்படியே சொன்னார். பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்ந்து, கொடுக்க வேண்டியதில்லை என்று மாற்றிவிட்டார்கள். பெண்கள் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2022 ஏப்ரல் 25-ந் தேதி நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா இருவரும் தீர்ப்பளித்தார்கள். அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் பணிக்கொடை உண்டு! பாக்கிக்கு 10 சதவீத வட்டியும் உண்டு!

அதற்கு அவர்கள் சொன்ன காரணம் முக்கியமானது. 1975-இல் இது வெறும் திட்டம். ஆனால் 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கர்ப்பிணிக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் உணவு கொடுப்பது சர்க்காரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் போட்டுக் கடமை என்று சொன்னபின், அந்தக் கடமையைச் செய்பவரைச் சும்மா தொண்டர் என்று சொல்ல முடியுமா? சட்டத்தின் வேலையைச் செய்பவர் சட்டத்தின் ஊழியர்தான் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. இது அரைநாள் வேலை என்ற வாதத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. வேலைப் பட்டியலைப் பார்த்தபின் யார்தான் ஏற்பார்கள்? குஜராத்தில் அப்போது டீச்சருக்கு மாதம் 7,800 ரூபாயும் ஆயாவுக்கு 3,950 ரூபாயுமே கொடுக்கப்படுகிறது என்பதையும் தீர்ப்பிலேயே குறித்தார்கள். மதிப்பூதியம் என்ற பெயரில் கொடுத்தாலும் அது உழைப்புக்குக் கொடுத்த ஊதியம்தான் என்றாகிவிட்டது.

இதே குஜராத்தில் 2025 ஆகஸ்டில் ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. டீச்சருக்கு மாதம் 24,800 ரூபாயும் ஆயாவுக்கு 20,300 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தொண்டர் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா?

நமக்குப் பக்கத்தில் ஆந்திராவில் நடந்ததைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 12-ந் தேதி அங்குள்ள அங்கன்வாடி டீச்சர்களும் ஆயாக்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அங்கே டீச்சருக்கு 11,500 ரூபாய், ஆயாவுக்கு 7,000 ரூபாய். உயர்த்திக் கொடு, பணிக்கொடை கொடு என்று கேட்டார்கள். மையங்கள் பூட்டிக் கிடந்தன. 42 நாள் நடந்தது.

நடுவில், 2024 ஜனவரி 6-ந் தேதி, மாநில சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. 'எஸ்மா' என்னும் அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை அவர்கள்மேல் ஏவிற்று. 6 மாதம் வேலைநிறுத்தம் கூடாது! 2022 மார்ச்சில் டில்லியிலும் அங்கன்வாடிப் பெண்கள்மேல் இதே ஆயுதம் ஏவப்பட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி, மின்சாரம், குடிநீர் போன்ற வேலைகள் நின்றால் ஊர் நாறிவிடும் என்பதற்காக வைத்திருக்கும் சட்டம் அது. அங்கன்வாடி நின்றாலும் அப்படித்தான் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறது. நல்லது. அப்படியானால் அவ்வளவு அவசியமான வேலையைச் செய்பவர் எப்படித் தொண்டர் ஆவார்? கோயில் திருவிழாவில் நீர்மோர் ஊற்றும் தொண்டர் நாளைக்கு வரமாட்டேன் என்றால் அவரைப் பிடித்து உள்ளே வைக்க எந்த நாட்டிலாவது சட்டம் உண்டா?

சர்க்கார் தரப்பு

எதிர்த்தரப்புக்கும் காது கொடுக்க வேண்டும். டீச்சரும் ஆயாவும் சேர்த்து 25 லட்சம் பேர். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டினால் மாதத்துக்கு 250 கோடி, வருஷத்துக்கு 3,000 கோடி. சிறிய தொகை அல்ல. எல்லாரையும் முழு சர்க்கார் ஊழியராக்கினால் பென்ஷன் சுமையும் சேரும். பணக்கார மாநிலம் சமாளிக்கும், ஏழை மாநிலம் விழி பிதுங்கும்.

இன்னொரு வாதமும் உண்டு. உள்ளூர்ப் பெண் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பலம். சர்க்கார் ஊழியர் ஆனால் இடமாற்றம் வரும். 40 மைல் தள்ளி இருப்பவர் பஸ் பிடித்து வருவார், பஸ் பிடித்துப் போவார், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது என்கிறார்கள்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சம்பளம் கொடுத்தால் இடமாற்றம் செய்தே தீரவேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு உரிய ஊதியம் கொடுக்கலாமே. முதல் வாதம், அதாவது பணம் இல்லை என்பது, நேர்மையான வாதம். அதை அப்படியே சொல்லலாம். "நீங்கள் ஊழியர்கள்தான். இவ்வளவுதான் இப்போது கொடுக்க முடிகிறது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆக்குவோம்" என்று சொன்னால் பேசித் தீர்க்க வழி பிறக்கும். 2013-இல் மத்திய சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இப்படிப்பட்ட திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் பணிக்கொடையும் பென்ஷனும் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கதை பால்வாடியோடு முடியவில்லை. கிராம சுகாதார ஊழியர்களான 'ஆஷா' பெண்களுக்கும் இதே பெயர், இதே உறை. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் அவர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டிற்று. 2025 பிப்ரவரி 10-ந் தேதி கேரளாவில் அதே ஆஷா பெண்கள் ஒரு பகுதியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் 21,000 ரூபாய் கேட்டார்கள். மழையிலும் வெயிலிலும் இரவும் பகலுமாக 266 நாள். முடிவில் 7,000 ரூபாய் 8,000 ஆயிற்று.

ஓய்வுபெறும் ஆயாவுக்கு ஒரு வார்த்தை

நம் வீட்டில், நம் தெருவில் அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வுபெற இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை போட்டுக் காட்டலாம்.

கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். வந்த தொகையை 15-ஆல் பெருக்க வேண்டும். அதை வேலை செய்த வருஷத்தால் பெருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வாங்கியவர் 30 வருஷம் வேலை செய்திருந்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் வரும். 5 வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. அது 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. பணிக்கொடை அதிலும் இருக்கிறது. வருஷத்துக்கு 15 நாள் ஊதியம் என்ற அளவும் அப்படியே இருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டதால் பணம் வீடு தேடி வந்துவிடும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. பல இடங்களில், எங்களுக்கு உத்தரவு வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கிறது. முதலில் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் போகலாம். தாகோத் பெண்கள் ஆரம்பித்ததும் அந்த மேஜையில்தான்.

அங்கே கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தாய் என்பது. நியமன உத்தரவு 30 வருஷத்துக்கு முந்தையது. டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்குக் கீழே, மடிப்பில் கிழிந்துபோய் இருக்கும். அதை இன்றைக்கே எடுத்து இரண்டு நகல் எடுத்துவையுங்கள். காணாமற்போயிருந்தால் பழைய பாங்குப் பாஸ் புத்தகம், பயிற்சிக்குப் போன சான்றிதழ், அதிகாரி கையெழுத்திட்ட பழைய பதிவேட்டுப் பக்கம் எது கிடைத்தாலும் சேர்த்து வைக்கலாம். ஓய்வுபெறும் நாளன்று மையத்தின் சாவியை ஒப்படைக்கும்போது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்தார், கடைசி மாதம் எவ்வளவு வாங்கினார் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது.